சூரியனை நோக்கி எட்டு நாட்கள்: பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்சில் ஒவ்வொரு மார்ச் மாதமும் நடைபெறும் பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி முந்தைய இதழ் ஒன்றில் சில வரிகள் எழுதியிருந்தேன். டூர் டி பிரான்ஸை மட்டுமே அறிந்திருந்த வாசகர்கள் பலர் இந்தப் பந்தயத்தைப் பற்றி விரிவாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: டூர் டி பிரான்ஸ் இருக்கும்போது பாரிஸ்–நீஸ் எதற்கு? இது அந்தப் பெரிய பந்தயத்துக்கு ஓர் ஒத்திகைதானே?
— பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பாரிஸ்–நீஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மறு ஞாயிற்றுக்கிழமை முடியும் எட்டு நாள் பந்தயம். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம் எனப்படும். எல்லாக் கட்டங்களிலும் ஒரு வீரர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, யாருடைய மொத்த நேரம் குறைவோ அவரே வெற்றியாளர் என அறிவிக்கிறார்கள். அன்றன்றைக்கு முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிகிறார். கட்ட முடிவிலும் வழியிலும் உள்ள கோடுகளில் அதிகப் புள்ளி சேர்த்தவருக்குப் பச்சைச் சட்டையும், மலையேற்றத்தில் சிறந்தவருக்குப் புள்ளிகள் போட்ட சட்டையும், இளம் வீரர்களில் முதல்வருக்கு வெள்ளைச் சட்டையும் உண்டு. அணிக்கு ஏழு வீரர்கள் வீதம் இருபதுக்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொள்கின்றன. மொத்தத் தொலைவு சுமார் 1,200 கிலோமீட்டர்.

இவையெல்லாம் டூரிலும் உள்ளவைதான். வேறுபாடு காலத்திலும் அளவிலும் இருக்கிறது. டூர் போன்ற மூன்று வாரப் பந்தயத்தில் ஒரு நாள் தவறினால், அதை மீட்க இன்னொரு நாள் கிடைக்கும். எட்டு நாள் பந்தயத்தில் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. அதோடு, குளிர்காலம் முழுவதும் பயிற்சியில் கழித்த வீரர்கள் தங்கள் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தாங்களே முழுமையாக அறியாத வேளையில், உலகின் மிக வலுவான அணிகளோடு ஐரோப்பியச் சாலையில் மோத வேண்டியிருக்கிறது. ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலும் பிப்ரவரியில் அரபு நாடுகளிலும் பல நாள் பந்தயங்கள் நடக்கின்றன என்பது உண்மை. ஆனால், உயர்தரப் பல நாள் பந்தயங்களில் ஐரோப்பிய மண்ணில் முதலில் வருவது இதுதான். அதனால் இங்கே வெற்றி பெற்றவரை ஒத்திகையில் நன்றாகச் செய்தவர் என்று எந்த வீரரும் சொல்ல மாட்டார்.

கேள்வி: ஏன் பாரிஸிலிருந்து நீஸுக்கு? இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தவர் யார்?
— வங்கி ஊழியர், திருநெல்வேலி

1933-இல் இதைத் தொடங்கியவர் ஆல்பேர் லெழன் என்ற பத்திரிகை அதிபர். அவருக்குப் பாரிஸிலும் பத்திரிகை இருந்தது, நீஸிலும் இருந்தது. இரு நகரங்களையும் இணைக்கும் ஒரு பந்தயம் இரண்டு பத்திரிகைகளின் விற்பனைக்கும் உதவும் என்பது அவருடைய கணக்கு. குளிர்காலத்தில் உள்ளரங்குகளில் நடக்கும் ஆறு நாள் பந்தயங்கள் முடிந்து, சாலைப் பந்தயங்கள் சூடுபிடிக்காதிருந்த இடைவெளியை அவர் தேர்ந்தெடுத்தார். முதல் ஆண்டில் வென்றவர் பெல்ஜியத்தின் அல்ஃபோன்ஸ் ஸ்கேப்பர்ஸ். பாரிஸிலிருந்து திழோன் வரை நடந்த முதல் கட்டமே 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது.

போர்க்காலத்தில் பந்தயம் நின்றது. 1946-இல் ஒருமுறை நடந்து மீண்டும் நின்றது. 1951-இல் அதற்கு மறுவாழ்வு கிடைத்ததற்கு நீஸ் நகர மேயர் ழான் மெத்சேன் ஒரு முக்கியக் காரணம். மத்தியதரைக் கடற்கரைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க விரும்பிய அவர், வடக்கே மக்கள் இன்னும் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் நாட்களில் நீஸில் வெயில் காய்கிறது என்பதை நாட்டுக்குக் காட்ட இந்தப் பந்தயத்தைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை என்று கண்டார். ‘சூரியனை நோக்கிய பந்தயம்’ என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ழான் லெலியோ என்ற பத்திரிகையாளர் நீண்ட காலம் இதை நடத்தினார். 1982-இல் அவர் மறைந்த பிறகு அவருடைய மகள் ழோசெத் அந்தப் பொறுப்பை ஏற்றார். பெரிய நிறுவனங்களின் பணபலம் இல்லாமல் ஒரு குடும்பம் இத்தனை ஆண்டுகள் இதைக் காப்பாற்றியது பாராட்டுக்குரியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் முன்னாள் டூர் வெற்றியாளர் லோரான் ஃபின்யோன் இதை ஏற்று நடத்தினார். 2002 முதல் டூர் டி பிரான்ஸை நடத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

பாரிஸ் என்று பெயரில் இருந்தாலும், இப்போது தொடக்கம் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியுள்ள சிறு நகரங்களில்தான் நடக்கிறது.

கேள்வி: மலைகளில் வீரர்கள் பிரிவது புரிகிறது. தட்டையான சாலையில் ஓடும் முதல் சில நாட்களிலேயே பந்தயம் முடிவாகிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

காற்றினால். பாரிஸ்–நீஸைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

சைக்கிள் வீரர் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு எதிர்க்காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால், அந்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். சில சூழல்களில் அதைவிடவும் குறையும். அதனால்தான் நூற்றைம்பது பேரும் ஒரே கூட்டமாகச் செல்கிறார்கள். காற்று நேர் எதிரில் வீசும்போது ஒருவருக்குப் பின் ஒருவராக நேர்கோட்டில் சென்றால் போதும், எல்லோருக்கும் மறைவு கிடைக்கும். காற்று பக்கவாட்டிலிருந்து வீசினாலோ மறைவு நேர்பின்னால் கிடைக்காது, சற்று விலகிய பக்கத்தில்தான் கிடைக்கும். அப்போது வீரர்கள் வானில் பறக்கும் நாரை வரிசையைப் போலச் சாய்கோட்டில் அணிவகுக்கிறார்கள்.

சாலையின் அகலம்தான் இங்கே தீர்ப்பு வழங்குகிறது. ஒரு சாய்கோட்டில் பத்துப் பதினைந்து பேருக்கே இடம் இருக்கும். அடுத்தவருக்குச் சாலையின் ஓரம் மட்டுமே மிஞ்சும். அங்கே மறைவு இல்லை, முழுக் காற்றும் அவர் மேல் வீசும். முன்னேயுள்ள அணி திடீரென வேகத்தைக் கூட்டினால், ஓரத்தில் தொங்கிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் இரண்டு மீட்டர் பின்தங்குவார். அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து அறுந்துபோவார்கள். பின்தங்கியவர்கள் தங்களுக்குள் இன்னொரு சாய்கோட்டை அமைத்துக்கொள்வார்கள். சில நிமிடங்களில் ஒரே கூட்டம் நான்கைந்து துண்டுகளாகிவிடும்.

பாரிஸுக்குத் தெற்கே விரியும் சமவெளி இதற்கென்றே அமைந்தது போன்றது. மார்ச்சில் வயல்களில் பயிர் உயரவில்லை, மரங்களில் இலை இல்லை, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. கொலம்பியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வரும் மெலிந்த உடலுடைய மலையேற்ற வீரர்கள், ஆல்ப்ஸ் மலை கண்ணில் படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே சமவெளியில் நிமிடக்கணக்கில் இழப்பது இதனால்தான். அனுபவமுள்ள அணிகள் வரைபடத்தில் சாலை எங்கே திரும்புகிறது, அந்தத் திருப்பத்துக்குப் பின் காற்று எந்தப் பக்கத்திலிருந்து படும் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் திருப்பத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பே தங்கள் தலைவரை முன்வரிசைக்குக் கொண்டுபோகின்றன. அந்த நேரத்தில் முன்வரிசை இடத்துக்காக நடக்கும் நெருக்கல், தொலைக்காட்சியில் பார்க்கும்போதே நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

தெற்கே இறங்கிய பிறகும் காற்று விடுவதில்லை. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிஸ்த்ரால் என்னும் வடகாற்று வீசுகிறது. 2023-இல் ஆறாம் நாள் கட்டத்தைப் பலத்த காற்றின் காரணமாக நடத்தாமலே கைவிட்டார்கள்.

கேள்வி: எட்டு நாள் ஓடி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, நாலைந்து விநாடிகளில் வெற்றி தோல்வி முடிவாகிறது என்பதை நம்ப முடியவில்லை. எடுத்துக்காட்டுகள் உண்டா?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சிராப்பள்ளி

உண்டு, அதுவும் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள். 2016-இல் கெரைன்ட் தாமஸ், அல்பெர்த்தோ கொந்தாதோரை 4 விநாடிகளில் வென்றார். 2017-இல் செர்ஜியோ எனாவ் அதே கொந்தாதோரை 2 விநாடிகளில் வென்றார். 2018-இல் மார்க் சொலேர், சைமன் யேட்ஸை 4 விநாடிகளில் முந்தினார்.

இவற்றில் 2017-ஐ நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாதாரணக் கட்டத்தின் முடிவிலும் முதல் மூவருக்கு முறையே 10, 6, 4 விநாடிகள் அவர்களுடைய மொத்த நேரத்திலிருந்து போனஸாகக் கழிக்கப்படுகின்றன. வழியிலுள்ள இடைக்கோடுகளிலும் சில விநாடிகள் கிடைக்கும். கடைசி நாளில் நீஸைச் சுற்றியுள்ள குன்றுகளில் கொந்தாதோர் முடிவுக்கு நெடுந்தொலைவு இருக்கும்போதே தனது அணியோடு தாக்குதல் தொடுத்து எனாவைப் பின்தள்ளினார். நீஸின் கடற்கரைச் சாலையை அடையும்போது அவரோடு முன்னணியில் இருந்தவர் அவரைப் போலவே ஸ்பெயின் நாட்டவரான தவீத் தெ லா குரூஸ். அவர் வேறோர் அணியைச் சேர்ந்தவர், கட்ட வெற்றி அவருக்கும் பெருமை. இறுதி விரைவோட்டத்தில் தெ லா குரூஸ் முந்தினார். கொந்தாதோருக்குப் 10 விநாடிக்குப் பதில் 6 விநாடி மட்டுமே கிடைத்தது. இழந்த அந்த 4 விநாடி கையில் இருந்திருந்தால், 2 விநாடியில் தோற்றவர் 2 விநாடியில் வென்றிருப்பார். அந்த ஆண்டோடு கொந்தாதோர் ஓய்வு பெற்றார். முந்தைய ஆண்டு வெற்றிக்கு மிக அருகில் வந்து தோற்ற பிறகும், கடைசி நாளில் அமைதியாகத் தன் இடத்தைக் காத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பணயம் வைத்து ஓடினார் என்பதற்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

பழைய கதை ஒன்றும் இதற்கு ஈடானது. 1969 முதல் பல ஆண்டுகள் பாரிஸ்–நீஸின் கடைசிக் கட்டம் நீஸிலிருந்து கோல் தேஸ் என்ற குன்றின் மேல் ஏறும் நேரப் பந்தயமாக இருந்தது. கோல் தேஸ் கடலுக்கு மேலே ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதை பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு வீரரும் தனியாகப் புறப்பட்டுத் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும். 1972-இல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் தொடர்ந்து நான்காவது முறையாக வெல்லப்போகிறார் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கடைசி நாள் காலையில் அவர் ரேமோன் பூலிதோரைவிட 16 விநாடி முன்னால் இருந்தார். பூலிதோருக்கு வயது 35. டூர் டி பிரான்ஸில் பலமுறை இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றும் ஒருநாள்கூட மஞ்சள் சட்டை அணிந்திராதவர் என்பதால் பிரெஞ்சு மக்கள் அவர்மேல் தனி அன்பு வைத்திருந்தார்கள். அந்தக் குன்றின் மேல் அவர் மெர்க்ஸைவிட 22 விநாடி வேகமாக ஏறி, 6 விநாடியில் பாரிஸ்–நீஸை வென்றார். மறு ஆண்டும் அவரே வென்றார்.

கேள்வி: அதிக முறை வென்றவர் யார்?
— கல்லூரி மாணவர், மதுரை

அயர்லாந்தின் ஷான் கெல்லி. 1982 முதல் 1988 வரை தொடர்ச்சியாக ஏழு முறை. அவருக்கு அடுத்து ழாக் ஆன்க்தில் 1957-க்கும் 1966-க்கும் இடையில் ஐந்து முறை வென்றார்.

கெல்லியின் சாதனையை யாரும் முறியடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் விரைவோட்டத்தில் கட்டங்களை வெல்லக்கூடியவர், அதனால் போனஸ் விநாடிகள் குவியும், காற்றில் பின்தங்காதவர், கோல் தேஸ் நேரப் பந்தயத்திலும் வலுவானவர், குளிருக்கும் மழைக்கும் அஞ்சாதவர். டூர் டி பிரான்ஸ் கேட்கும் மூன்றாவது வார உயர்மலைத் திறன் அவரிடம் போதிய அளவு இல்லை. அங்கே அவர் நான்கு முறை பச்சைச் சட்டை வென்றார், ஆனால் ஒருபோதும் முழுப் பந்தயத்தையும் வெல்லவில்லை. பாரிஸ்–நீஸுக்கென்று தனி இயல்பு உண்டு என்று நான் சொல்வதற்கு அவரைவிட நல்ல சான்று இல்லை. இன்றைய முன்னணி வீரர்கள் ஆண்டுதோறும் இலக்குகளை மாற்றிக்கொள்கிறார்கள். மார்ச் மாதத்தில் அதே நாட்களில் இத்தாலியில் திர்ரேனோ–அத்ரியாத்திகோ என்ற பந்தயமும் நடப்பதால், ஏழு ஆண்டுகள் விடாமல் நீஸுக்கே வரும் வீரரை இனிக் காண்பது அரிது.

கேள்வி: இந்தப் பந்தயத்தில் நடந்த ஒரு மரணத்துக்குப் பிறகுதான் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது என்பது உண்மையா?
— இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பவர், சேலம்

உண்மை. அதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆந்த்ரேய் கிவிலேவ் கஜகஸ்தானைச் சேர்ந்தவர். 2001 டூர் டி பிரான்ஸில் நான்காம் இடம் பெற்றவர். 2003 மார்ச் 11 அன்று பாரிஸ்–நீஸின் இரண்டாம் கட்டம் சேன்தேத்தியன் நகரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. கூட்டத்துக்குள் நேர்ந்த ஒரு மோதலில் அவர் விழுந்தார். மலைச்சரிவில் அசுர வேகத்தில் இறங்கும்போது நேர்ந்த விபத்து அல்ல அது. ஒவ்வொரு பந்தயத்திலும் ஓரிரு முறை நடப்பது போன்ற சாதாரண விழுதல். அவருடன் மோதிய மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கிவிலேவ் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, தலை தரையில் மோதியது. மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்தார். வயது 29.

அடுத்த கட்டத்தில் வீரர்கள் போட்டியிடவில்லை. அவர் நினைவாக ஒரே கூட்டமாகச் சென்று முடித்தார்கள். அதற்குப் பின் பந்தயம் தொடர்ந்தது. அதை வென்றவர் கிவிலேவின் நாட்டவரும் நெருங்கிய நண்பருமான அலெக்சாண்டர் வினகூரோவ்.

உங்களுக்கு ஒன்று வியப்பாக இருக்கலாம்: தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க உலக சைக்கிள் சம்மேளனம் அதற்கு முன்பே 1991-இல் முயன்றது. வீரர்களே வேலைநிறுத்தம் செய்து எதிர்த்ததால் பின்வாங்கியது. வெப்பம், எடை, விருப்ப உரிமை என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். 1995 டூரில் ஃபாபியோ கசார்தெல்லி என்ற இத்தாலிய வீரர் மலைச்சரிவில் விழுந்து இறந்தபோதும் விதி மாறவில்லை. கிவிலேவின் மரணத்துக்குப் பிறகுதான் 2003 மே 5 முதல் தலைக்கவசம் கட்டாயமானது. அப்போதும்கூட, மலையுச்சியில் முடியும் கட்டங்களின் கடைசி ஏற்றத்தில் அதைக் கழற்றிவிட ஒரு சலுகை இருந்தது, பின்னர் அதையும் நீக்கினார்கள். இன்று அதை அணியாமல் ஒரு தொழில்முறை வீரர் சாலையில் ஓடுவதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றுக்கு இரண்டு உயிர்கள் போக வேண்டியிருந்ததை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இருசக்கர வாகனங்களோடு வாழும் நீங்கள் இதை எழுதிக் கேட்டதற்கு நன்றி.

கேள்வி: மார்ச்சில் பாரிஸ்–நீஸை வென்றவர் ஜூலையில் டூரையும் வெல்வார் என்று சொல்ல முடியுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

சில நேரங்களில் நடந்திருக்கிறது. ஆன்க்தில் 1957, 1961, 1963 ஆண்டுகளிலும், மெர்க்ஸ் 1969 முதல் 1971 வரை மூன்று ஆண்டுகளிலும், கொந்தாதோர் 2007-இலும், பிராட்லி விக்கின்ஸ் 2012-இலும், ஏகன் பெர்னால் 2019-இலும் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார்கள். ஆனால் 2023-இல் பாரிஸ்–நீஸில் தடேய் பொகாச்சர் முதலிடமும் யோனாஸ் விங்கெகோர் மூன்றாமிடமும் பெற்றார்கள். ஜூலையில் டூரை வென்றவர் விங்கெகோர். 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் பாரிஸ்–நீஸை வென்ற அமெரிக்கர் மாத்தியோ ஜார்கன்சன், டூரில் அதே விங்கெகோருக்கு உதவும் வீரர். 2025-இல் ஜார்கன்சனுக்கு அடுத்து வந்த இளம் ஜெர்மானியர் ஃப்ளோரியான் லிப்போவிட்ஸ், நான்கு மாதத்தில் டூரில் மூன்றாமிடம் பெற்றார். ஆகவே, ஜூலையில் யார் வெல்வார் என்பதைவிட, அடுத்து யார் உயரப்போகிறார் என்பதைத்தான் மார்ச் நமக்குக் காட்டுகிறது.

இந்தப் பட்டியலின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2006-இல் பாரிஸ்–நீஸை வென்ற ஃப்ளாய்ட் லாண்டிஸ் டூரிலும் முதலில் வந்தார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி டூர் பட்டத்தை இழந்தார். 1967-இல் வென்ற பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன், அதே ஆண்டு ஜூலை 13 அன்று டூரின்போது மோன் வான்தூ மலையில் கடும் வெயிலில் சரிந்து இறந்தார். அவர் உடலில் ஊக்கமருந்தும் மதுவும் இருந்தன. வெற்றியாளர் பட்டியலில் எந்தப் பெயரையும் வெறும் வீரக்கதையாக மட்டும் படித்துவிட முடியாது.

கேள்வி: பந்தயத்தின் நடுவே தொழிலாளர்களை ஒரு வீரர் அடித்தார் என்று படித்தேன். உண்மையா?
— தொழிற்சங்க ஊழியர், சென்னை

உண்மை. 1984-இல் லா சியோத்தா கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்கள் தங்கள் வேலை பறிபோவதை எதிர்த்துச் சாலையை மறித்தார்கள். முன்னணியில் வந்துகொண்டிருந்த பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ கூட்டத்துக்குள் புகுந்து ஒருவரைக் குத்தினார். அந்தப் படம் உலகம் முழுவதும் அச்சானது. இனோவின் துணிச்சலுக்குச் சான்றாக அதை இன்றும் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. தங்கள் ஊரின் வாழ்வாதாரம் மூடப்படும்போது, கேமராக்கள் வரும் ஒரே நாளில் அந்தத் தொழிலாளர்கள் சாலைக்கு வந்தார்கள்.

கேள்வி: பாரிஸ்–நீஸ் நீஸை அடையாமலே முடிந்த ஆண்டுகள் உண்டா?
— வாசகி, புதுச்சேரி

அண்மையிலேயே இரண்டு. 2020 மார்ச்சில் கொரோனா தொற்று பரவியபோது பல முன்னணி அணிகள் முன்கூட்டியே விலகிவிட்டன. மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே ஐரோப்பா முழுவதும் விளையாட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. நீஸில் நடக்கவேண்டிய கடைசி நாளை ரத்து செய்து, மார்ச் 14 சனிக்கிழமை மலையுச்சியில் பந்தயத்தை முடித்தார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் ஷாக்மான் வென்றார். அதன் பிறகு பல மாதங்கள் உலகில் பெரிய சைக்கிள் பந்தயம் எதுவும் நடக்கவில்லை.

2021-இல் நீஸில் வார இறுதி ஊரடங்கு இருந்ததால் கடைசிக் கட்டத்தை நகருக்கு வெளியே உள்ள மலைக்கிராமங்களுக்கு மாற்றி, லெவான்ஸ் என்ற ஊரில் முடித்தார்கள். அந்த நாளை நான் மறக்கவில்லை. பிரிமோஷ் ரோக்லிச் மூன்று கட்டங்களை வென்று 52 விநாடி முன்னிலையோடு வந்திருந்தார். முந்தைய நாள் மலையுச்சியில், நாள் முழுவதும் முன்னால் ஓடிய இளம் சுவிஸ் வீரர் ஜீனோ மேடரை எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு கடந்து அந்த வெற்றியையும் எடுத்துக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று பலர் மனம் வருந்தினார்கள். கடைசி நாளில் ரோக்லிச் இரண்டு முறை விழுந்து, பட்டத்தை இழந்தார். வெற்றி மீண்டும் ஷாக்மானுக்குப் போனது. மறு ஆண்டு ரோக்லிச் திரும்பி வந்து வென்றார். மேடர் 2023-இல் சுவிட்சர்லாந்துப் பந்தயம் ஒன்றில் மலைச்சரிவில் விழுந்து இறந்தார் என்பதால், அந்த நாளின் காட்சிகளை இப்போது பார்ப்பது கடினமாக இருக்கிறது.

பனியும் தன் பங்குக்குப் பாதையை மாற்றுகிறது. 2016-இல் ஒரு கட்டத்தைப் பனிப்பொழிவால் பாதியில் ரத்து செய்தார்கள். 2024-இல் ஓரோன் மலைக்குப் போகவேண்டிய கட்டத்தை வேறு உச்சிக்கு மாற்றினார்கள்.

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப்போய் நேரில் பார்க்க முடியுமா? தொலைக்காட்சியில் பார்ப்பதானால் எந்த நாளைத் தவறவிடக் கூடாது?
— வாசகர், பிரான்ஸ்

தாராளமாகப் பார்க்கலாம். சாலையோரத்தில் நிற்பதற்குக் கட்டணம் இல்லை. முதல் இரண்டு நாட்கள் பாரிஸைச் சுற்றியே நடப்பதால் உங்களுக்கு எளிது. ஒரு செய்தி மட்டும்: சமவெளியில் நின்றால் மொத்தக் கூட்டமும் அரை நிமிடத்துக்குள் உங்களைக் கடந்துவிடும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஆகவே, தொடக்க ஊருக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அணிப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் வீரர்கள் சைக்கிளைச் சரிபார்ப்பதையும், மேடையேறிக் கையெழுத்திடுவதையும் மிக அருகிலிருந்து பார்க்கலாம். டூரில் இருக்கும் கூட்ட நெரிசல் இங்கே இல்லை. அல்லது ஒரே பாதையைப் பலமுறை சுற்றிவரும் கட்டமாகத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள சிறு ஏற்றம் ஒன்றில் நில்லுங்கள். சாலைகளைப் பல மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் காரில் போவதைத் தவிர்த்து ரயிலில் போங்கள். மார்ச் மாதக் குளிரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைக்காட்சியில் இரண்டு நாட்களைக் கேட்டால், முதலாவதாகக் காற்று பலமாக வீசும் என்று முன்னறிவிப்பு உள்ள சமவெளி நாளைச் சொல்வேன். அன்று கடைசி அரைமணி நேரம் மட்டும் பார்த்தால் போதாது, கூட்டம் எங்கே உடைந்தது என்பதே தெரியாமல் போய்விடும். இரண்டாவது கடைசி ஞாயிறு. அது பெரும்பாலும் நீஸில் தொடங்கி நீஸிலேயே முடியும் 110, 120 கிலோமீட்டர் அளவிலான குறுகிய கட்டம். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால் ஒரு அணி பந்தயத்தைத் தன் கட்டுக்குள் வைத்திருப்பது கடினம். 2024-இல் ரெம்கோ எவனபூலும் ஜார்கன்சனும் அந்தக் குன்றுகளில் கூட்டத்தை உதறிவிட்டு ஓடினார்கள். எவனபூல் கட்டத்தை வென்றார், ஜார்கன்சன் 30 விநாடி வித்தியாசத்தில் பந்தயத்தை வென்றார். திரையின் ஓரத்தில் காட்டும் இடைவெளி விநாடிகளோடு போனஸ் விநாடிகளையும் பிள்ளைகளைக் கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். யார் முன்னால் இருக்கிறார் என்பது கடைசிக் கோடு வரை மாறிக்கொண்டே இருக்கும்.